மின்சாரக் காரின் இலாபம் எந்தப் பிளக்கில் இருக்கிறது?

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்து விடப்பட்டது. அன்று முதல் எமது வியாபாரிகள் கூடும் இடங்களில் பேச்சு ஒன்றாகவே இருக்கிறது. மின்சாரக் கார் வாங்கலாமா, வேண்டாமா என்பதே அது. 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் காத்துக் கிடந்ததையும், அவ்வருடம் ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், பின்னர் கியூ.ஆர். அட்டையைக் காட்டி அளந்து வாங்கியதையும் எவரும் மறக்கவில்லை. அந்தப் பயம்தான் இன்று பலரை மின்சாரக் காரின் பக்கம் தள்ளுகிறது. பயம் நியாயமானதே. ஆனால் பயத்தில் செய்யும் கொள்வனவில் கணக்குப் பிழைத்து விடக் கூடாது.

வாகனம் விற்பவர் சொல்லும் கணக்கு மிகவும் இனிமையானது. "நானா, பெற்றோலுக்குப் போற காசு மிச்சம். அந்த மிச்சமே தவணையைக் கட்டும்" என்பார். இதில் பொய் இல்லை. ஆனால் அவர் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. இந்தக் காரை எங்கே, எந்த நேரத்தில் சார்ஜ் செய்யப் போகிறீர்கள் என்பதே அந்தக் கேள்வி. என்னைக் கேட்டால் மின்சாரக் காரின் இலாபம் காரில் இல்லை, அது செருகப்படும் பிளக்கில்தான் இருக்கிறது.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். மின் கட்டணமும் எரிபொருள் விலையும் அடிக்கடி மாறுவதால் விளங்குவதற்காக முழு எண்களை எடுத்துக் கொள்கிறேன். இவை இன்றைய கட்டணங்கள் அல்ல. உங்கள் மின் பட்டியலில் உள்ள எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக் கொள்ளுங்கள்.

ஒரு வியாபாரி நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர், மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடுகிறார் என வைப்போம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் சாதாரண பெற்றோல் கார் என்றால் 100 லீற்றர் தேவை. லீற்றர் 300 ரூபா என்று கொண்டால் 30,000 ரூபா. லீற்றருக்கு 20 ஓடும் ஹைபிரிட் கார் என்றால் 60 லீற்றர், 18,000 ரூபா. மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர் ஓடும். எனவே 200 யூனிட் தேவை. வீட்டில் சார்ஜ் செய்யும்போது பத்து வீதம் வரையில் சூடாக வீணாகிப் போவதால் மின்மானி காட்டுவது 220 யூனிட்.

இந்த 220 யூனிட்டை இரவு நேர மலிவுக் கட்டணத்தில், யூனிட் 30 ரூபாவுக்குப் பெற்றால் செலவு 6,600 ரூபா. அதே வீட்டில் சாதாரண கட்டண முறையில், உச்சப் படியில் யூனிட் 60 ரூபாவுக்குப் பெற்றால் 13,200 ரூபா. வெளியே விரைவு சார்ஜரில் யூனிட் 90 ரூபாவுக்குப் பெற்றால், வீணாவது அங்கே குறைவு என்பதால் 210 யூனிட் என்றே வைத்தாலும் 18,900 ரூபா. கார் ஒன்றுதான், ஓடிய தூரமும் ஒன்றுதான், ஆனால் செலவு மூன்று விதம். கடைசியாகச் சொன்னவர் ஹைபிரிட் கார்க்காரரை விடவும் 900 ரூபா கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் வரிசையில் நின்ற நேரமும் அவருடைய நட்டக் கணக்கில்தான் சேரும்.

இதிலிருந்து மனதில் வைத்துக்கொள்ள இலகுவான ஓர் அளவுகோல் கிடைக்கிறது. வெளியே ஒரு யூனிட்டின் விலை, ஒரு லீற்றர் பெற்றோல் விலையில் பத்தில் மூன்று பங்கைத் தாண்டினால் நல்ல ஹைபிரிட் காருக்கு எதிரில் உங்களுக்கு இலாபம் இல்லை. பாதியைத் தாண்டினால் சாதாரண பெற்றோல் காருக்கு எதிரிலும் இலாபம் இல்லை. விலைகள் எப்படி மாறினாலும் இந்த அளவுகோல் உதவும்.

வீட்டிலும் ஒரு பொறி

வீட்டில் சார்ஜ் செய்தால் மலிவு என்று சொல்பவர்கள் பாதி உண்மையையே சொல்கிறார்கள். எமது வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையைக் கொண்டது. குறைந்த யூனிட்டுக்குக் குறைந்த விலை, 180 யூனிட்டுக்கு மேல் போனால் உச்ச விலை. மாதம் 150 யூனிட் பாவிக்கும் குடும்பத்தில் காரின் 220 யூனிட் வந்து சேரும்போது அது கீழ்ப்படியில் உட்காருவதில்லை. முதல் 30 யூனிட் 180 வரையுள்ள படியிலும், மீதி 190 யூனிட்டும் உச்சப் படியிலும் ஏறி நிற்கும். நிலையான மாதாந்தக் கட்டணமும் கூடும்.

பலர் செய்வது என்ன? மொத்தப் பட்டியலை மொத்த யூனிட்டால் வகுத்து, சராசரி விலையைக் காருக்குப் போடுகிறார்கள். வியாபாரி அப்படிக் கணக்குப் பார்க்கலாமா? புதிதாக ஒரு லொறிச் சாமான் எடுக்கும்போது, அந்த லொறிக்கு என்ன செலவு என்றல்லவா பார்க்கிறோம்? கார் வருமுன் பட்டியல் எவ்வளவு, வந்த பின் எவ்வளவு என்று பாருங்கள். அந்த வித்தியாசம் முழுவதும் காரின் செலவே.

இதற்கு மாற்றாக நேரத்துக்கேற்ற கட்டண முறை ஒன்று உண்டு. அதில் நாள் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல் நேரம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு நேரம். எமது கடைக்காரர் எட்டு மணிக்குக் கடையைப் பூட்டி, எட்டரைக்கு வீடு வந்து, வந்த கையோடு காரைப் பிளக்கில் செருகினால் என்ன நடக்கும்? நாட்டிலேயே விலை கூடிய மின்சாரத்தை வாங்கிக் காரில் ஏற்றுவார். இரண்டு மணித்தியாலம் பொறுத்திருந்தால் அதே மின்சாரம் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்திருக்கும். பெரும்பாலான கார்களிலேயே சார்ஜ் தொடங்கும் நேரத்தைக் குறித்து வைக்கும் வசதி உண்டு. ஒரு தடவை குறித்து வைத்தால் பிறகு விழித்திருக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த முறைக்கு மாறும்போது காருக்கு மட்டும் மாறுவதில்லை, முழு வீடும் மாறுகிறது. மாலையில் போடும் ஏ.சி., ஸ்திரிக்கைப்பெட்டி, சோறாக்கும் குக்கர் எல்லாவற்றுக்கும் உச்ச விலை வரும். ஆகவே இரண்டு முறைகளிலும் முழு வீட்டின் கணக்கையும் போட்டுப் பார்த்து, உங்கள் பகுதி மின்சாரக் காரியாலயத்தில் விசாரித்த பின்னரே மாற வேண்டும்.

இன்னொரு விடயம். வீட்டில் சார்ஜ் செய்யப் பெரிய இயந்திரம் கட்டாயம் தேவை என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். சாதாரண பிளக்கில் மணிக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் ஏறும். மலிவான ஏழு மணித்தியாலத்தில் சுமார் 15 யூனிட், அதாவது 80, 90 கிலோமீற்றர். நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடுபவருக்கு இது தாராளம். பணத்தை இயந்திரத்தில் போடுவதற்கு முன் வயரிங்கில் போடுங்கள். காருக்கென்று தனி இணைப்பும் தனி டிரிப் சுவிச்சும் அவசியம். பழைய வீட்டு வயரிங்கில், நீட்டு வயரில் இரவெல்லாம் சார்ஜ் செய்வது வீட்டுக்கே தீ வைக்கும் வேலை.

விரைவு சார்ஜர்க்காரர் கொள்ளையடிக்கிறாரா?

அப்படிச் சொல்வது நியாயமில்லை. நிமிடக் கணக்கில் சார்ஜ் ஏற்றும் இயந்திரத்தை அவர் டொலர் கொடுத்து இறக்குமதி செய்கிறார். அதற்கு ஏற்ற பெரிய மின் இணைப்பு வேண்டும், இடத்துக்கு வாடகை வேண்டும். பெரிய இணைப்புக்குப் பாவித்த யூனிட்டுக்கு மாத்திரமல்ல, அம்மாதத்தில் ஒரு தடவை எடுத்த உச்ச அளவுக்கும் தனிக் கட்டணம் உண்டு. நாளுக்கு நான்கு கார்கள் மட்டுமே வந்தாலும் அந்தச் செலவு குறையாது. வீட்டுச் சோற்றின் விலைக்கு ஹோட்டலில் சாப்பாடு கேட்க முடியுமா?

நெடுந்தூரப் பயணத்தில் அந்த விலை பெறுமதியானதே. கொழும்பிலிருந்து காத்தான்குடிக்குப் போவதென்றால் 300 கிலோமீற்றருக்கு மேல். வழியில் சாப்பிட்டுத் தொழுது வரும் அரை மணித்தியாலத்தில் கார் நிரம்பினால் கூடுதல் விலை கொடுக்கலாம். மாதத்தில் இரண்டு பயணம் இப்படிப் போவதால் கணக்குக் கெடாது. தினமும் போனால்தான் கெடும். அங்கும் 80 வீதத்துக்கு மேல் ஏற்ற நிற்காதீர்கள். கடைசி 20 வீதம் மிக மெதுவாகவே ஏறும். நிமிடத்துக்குப் பணம் வாங்கும் இடமானால் அது வீண் செலவு. 2015 ஆம் ஆண்டளவில் ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. எமது வெயிலில் அடுத்தடுத்து விரைவு சார்ஜ் செய்தால் பற்றரி சூடேறும், ஆயுளும் குறையும்.

முற்றம் இல்லாதவர் கதி

எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். முற்றமும் கராஜும் உள்ளவர் 6,600 ரூபாவில் மாதத்தைக் கடத்துகிறார். மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடியில் குடியிருப்பவர் காரை வீதியில் நிறுத்துகிறார். மூன்றாம் மாடியிலிருந்து வயர் இறக்க முடியுமா? அவருக்கு வெளிச் சார்ஜர் ஒன்றே வழி. வசதி குறைந்தவர் ஏறத்தாழ மூன்று மடங்கு கொடுக்கிறார். மின்சார முச்சக்கர வண்டி ஓட்டி அன்றாடம் உழைப்பவருக்கும் இதே நிலைதான்.

இதற்கு அரசாங்கத்தை மட்டும் பார்த்துக் கொண்டிருக்கத் தேவையில்லை. எமது வாசகர்களில் பலர் கட்டட உரிமையாளர்கள். புதிதாக மாடி கட்டுபவர்கள் ஒவ்வொரு வாகன இடத்துக்கும் வயர் போகும் குழாயை இப்போதே பதித்து விடுங்கள். கொங்கிரீட் போட்ட பின் உடைப்பதை விட இதற்கு மிகச் சொற்பமே செலவாகும். ஒவ்வோர் இடத்துக்கும் சிறிய துணை மின்மானி பொருத்தினால் யார் பாவித்தது என்ற சண்டையும் வராது.

அரசாங்கம் செய்ய வேண்டியவையும் உண்டு. சார்ஜ் நிலையங்கள் பெற்றோல் நிலையங்களைப் போன்று யூனிட் விலையை வீதிக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். அடுத்தது, 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக் கொண்டது. நண்பகலில் வெயில் மின்சாரம் மிஞ்சுகிறது என்பதே அதன் அர்த்தம். மிஞ்சும் மின்சாரத்தை நிறுத்துவதா, காரில் ஏற்றுவதா? நண்பகல் வேளையில் பொதுச் சார்ஜர்களின் விலையை நன்றாக இறக்கினால், கடைத் தெருவில் பகலெல்லாம் சும்மா நிற்கும் வாகனங்கள் அதைக் குடித்து விடும். முற்றமில்லாதவருக்கும் மலிவு கிடைக்கும், நாட்டுக்கும் நட்டமில்லை.

மின் கட்டணம் இன்றிருப்பது போல் என்றும் இருக்கும் என எவரும் நினைக்க வேண்டாம். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. 2024 இலும் 2025 ஜனவரியிலும் இறங்கியது. 2025 ஜூனில் மீண்டும் 15 வீதம் ஏறியது. ஐந்து வருடத் தவணைக்குக் கையெழுத்திடுபவர் இந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆகவே காரைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் வீட்டு மின்மானியைப் போய்ப் பாருங்கள். இரவில் கார் நிற்கும் இடத்துக்கு வயர் வருமா, எந்தக் கட்டண முறையில் இருக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் வெளியே சார்ஜ் செய்ய நேரும்? இந்த மூன்றுக்கும் விடை திருப்தியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள், இலாபம் நிச்சயம் உண்டு. விடை இல்லையென்றால் ஹைபிரிட் காரில் நிம்மதியாகப் போய் வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.