லெகிங்ஸ் தைக்கிற ஊரில் லெகிங்ஸுக்குத் தடையாம்!

மக்களே, இது கொஞ்சம் சூடான பதிவு. "போயும் போயும் லெகிங்ஸுக்கு ஒரு கட்டுரையா?"ன்னு கேக்கறவங்க, கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

நம்ம கோயமுத்தூர்ல இருந்து கிழக்கே 50 கிலோமீட்டர் போனா திருப்பூர். இந்தியா ஏற்றுமதி பண்ற பருத்திப் பின்னலாடையில பாதிக்கு மேல அங்க இருந்து தான் போகுது. நம்ம வகுப்புலயே எத்தனை பேருக்கு அக்காவோ, அத்தையோ, சித்தப்பாவோ பனியன் கம்பெனியில இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு ஒரு லெகிங்ஸ் பெட்டிக்குள்ள போறதுக்குள்ள எத்தனை பெண்களோட கை படுது! அந்தக் கூலியில தான் பல வீட்டுல காலேஜ் ஃபீஸ் கட்டறாங்க. ஆனா அதே லெகிங்ஸைப் போட்டுட்டு காலேஜ் கேட்டுக்குப் போனா, "திரும்பிப் போய் மாத்திட்டு வாம்மா"ங்கறாங்க.

என் தோழி படிக்கிற காலேஜ்ல (பேர் வேண்டாம்) ஒரு சர்க்குலர். பொண்ணுங்களுக்கு மட்டும் ஒரு பக்கம் முழுக்க: லெகிங்ஸ் கூடாது, ஜீன்ஸ் கூடாது, துப்பட்டாவை ரெண்டு தோள்லயும் பின் குத்தணும். பசங்களுக்கு ரெண்டே வரி: சட்டையை இன் பண்ணு, ஷூ போடு. காரணம்னு ஒரு வார்த்தை இல்லை. கேட்டா "நம்ம கலாச்சாரம்"ங்கறாங்க.

சரி, கலாச்சாரத்தையே பேசிடுவோம். ஹோசியரின்னா நமக்கு பனியன், ஜட்டி தான் ஞாபகம் வரும். ஆனா அந்த வார்த்தை 'ஹோஸ்'ங்கற பழைய ஆங்கிலச் சொல்லுல இருந்து வந்தது. காலை ஒட்டிப் போடற உடுப்புன்னு அர்த்தம். அதைப் பெருமையாப் போட்டுக் காட்டினது ஆம்பளைங்க! இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியோட ஓவியத்தைப் பாருங்க, கெண்டைக்கால் அப்படியே தெரியும். 1589ல வில்லியம் லீ ஒரு பின்னல் இயந்திரம் கண்டுபிடிச்சது காலுறை பின்றதுக்குத் தான். இன்னிக்குத் திருப்பூர்ல சுத்தற நிட்டிங் மெஷின் எல்லாம் அந்த வம்சம். அவ்வளவு தூரம் ஏங்க போகணும்? நேரு போட்ட சுடிதாரும் காலை ஒட்டித் தான் இருந்துச்சு. நம்ம ஊர்ல வேட்டியையும் லுங்கியையும் முட்டிக்கு மேல மடிச்சுக் கட்டிட்டு டீக்கடையில நிக்கறவங்களைப் பார்த்து யாரும் கலாச்சாரம் போச்சுன்னு அழுததில்லை.

வேட்டின்னதும் ஞாபகம் வருது. 2014 ஜூலையில சென்னையில ஒரு கிரிக்கெட் சங்க கிளப்புல, வேட்டி கட்டிட்டுப் போன உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடலை. தமிழ்நாடே கொதிச்சுது. நியாயமான கொதிப்பு தான். அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்துடுச்சு: வேட்டியோ வேற இந்தியப் பாரம்பரிய உடையோ போட்டவரைப் பொது இடத்துல தடுத்தா ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் வரை அபராதம். ரொம்ப சந்தோஷம். "என் உடம்புக்கு எது வசதியோ அதை உடுத்தறதுக்கு நீ யாருய்யா தடை போட?"ங்கறது தானே அந்தச் சட்டத்துக்குப் பின்னாடி இருந்த கோபம்? அந்தக் கோபம் ஒரு பொண்ணை கேட்டுல நிறுத்தறப்ப மட்டும் எங்க போகுது?

அதுக்கு அடுத்த வருஷம், 2015 செப்டம்பர்ல, குமுதம் ரிப்போர்ட்டர்ல லெகிங்ஸ் தான் அட்டைப்படக் கட்டுரை. காத்துல டாப்ஸ் விலகற நேரம் பார்த்து எடுத்த பெண்களோட படங்களைப் போட்டு, ஆபாசம்னு தலைப்பு வேற. இணையத்துல பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. இங்க ஆபாசம் எது? ரோட்டுல தன் வேலையைப் பார்த்துட்டுப் போற பொண்ணு போட்ட துணியா, அவளைப் பின்னாடி இருந்து படம் எடுத்து விக்கற புத்தியா?

"பசங்களுக்குக் கவனம் சிதறுதே"ன்னு ஒரு வாதம் வரும். சிதறுதுன்னா பாடம் எடுக்க வேண்டியது பசங்களுக்கு. அவன் கண்ணுக்கு அவ ஏங்க துணியை மாத்தணும்?

விதியே வேண்டாம்னு சொல்லலை. காரணத்தோட ஒரு விதி போடுங்க, முதல் ஆளா நான் கேக்கறேன். ஒர்க்‌ஷாப்ல லேத் மெஷின் பக்கத்துல தொளதொளப்பான துணி ஆபத்து. அப்படிப் பார்த்தா அங்க ஒழுங்கான உடுப்பு லெகிங்ஸ், ஆபத்தானது தொங்கற துப்பட்டா! கெமிஸ்ட்ரி லேப்ல நெருப்புப் பக்கம் நிக்கறப்ப நைலான், பாலியஸ்டர் உருகித் தோல்ல ஒட்டும், அங்க காட்டன் நல்லது. இது மாதிரி சொன்னா மண்டையில ஏறும்.

காலுக்கு என்ன போடறதுன்னு முடிவு பண்ண உருப்படியான கேள்விகள் இருக்கு. திருப்பூர்க்காரங்க கேக்கற கேள்விகள்:

1. ஜிஎஸ்எம் எவ்வளவு? ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராம்ல. ரவுண்ட் கட்டர்ல 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, எடை போட்டு, 100ஆல பெருக்குவாங்க. கடையில அதெல்லாம் வேண்டாம். உள்ளே கையை விட்டு விரிச்சுப் பாருங்க. விரல் நிறம் தெரிஞ்சா துணி மெலிசு.

2. கலவை என்ன? 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் ஸ்பான்டெக்ஸ்னா நம்ம வெயிலுக்கு வியர்வையை இழுக்கும், இழுவையும் இருக்கும். ஊட்டிக் குளிருக்குக் கம்பளி கலந்தது.

3. இழுத்து விட்டா பழைய அளவுக்கு வருதா? வரலைன்னா நாலே துவைப்புல முட்டி தொங்கிடும்.

4. தொடைத் தையல் சேர்ற இடத்துல டைமண்ட் மாதிரி ஒரு சின்னத் துணி வெச்சுத் தெச்சிருக்காங்களா? இருந்தா உக்காரும்போது கிழியாது, ஸ்கூட்டி ஓட்டறவங்களுக்கு முக்கியம்.

5. மேல போடற டாப்ஸ் எவ்வளவு நீளம்? குட்டையா இருந்தா கனமான துணி, நீளமா இருந்தா மெலிசு பரவாயில்லை.

இந்த அஞ்சுக்கும் பதில் சொல்ல வேண்டியது போடறவ மட்டும் தான். வாட்ச்மேனுக்கும் பத்திரிகைக்காரருக்கும் இதுல வேலை இல்லை.

அடுத்த தடவை சர்க்குலர் வந்தா சண்டை போடாதீங்க. மரியாதையா ஒரே ஒரு கேள்வி: "காரணத்தை எழுத்துல குடுங்க சார்." நாலு பேர் சேர்ந்து கேளுங்க, பசங்களும் கூட வாங்க. 2014ல வேட்டிக்கு எல்லாரும் சேர்ந்து தானே கேட்டோம்?

டிஸ்கி: எல்லாரும் லெகிங்ஸ் தான் போடணும்னு நான் சொல்லலை. எங்க அம்மாவுக்குச் சேலை தான் வசதி, கட்டிக்கறாங்க. அவங்களையும் யாரும் தடுக்கக் கூடாது. அவ்ளோ தானுங்க :-)