வேம்பு நம்ம சொத்து! எந்தக் கம்பெனிக்கும் பட்டா இல்லை!

காட்டுப்பள்ளி வட்டார விவசாயப் பெருமக்களே! மீனவச் சொந்தங்களே!

படைக்கும் சொறிக்கும் வேப்பெண்ணெய் தடவியது நம்ம பாட்டிமார். நெல்லுக் குதிரில் வேப்பிலை போட்டு வைத்தது நம்ம தாத்தன்மார். அதற்கு யாரிடமாவது சீட்டு வாங்கினோமா?

ஆனால் 1994-ல் நடந்தது என்ன? பயிரைத் தாக்கும் பூசணத்தை வேப்பெண்ணெயால் அடக்கும் முறை தங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்க விவசாயத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் சொல்ல, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

1995-ல் வந்தனா சிவா, ஐரோப்பியப் பசுமைக் கட்சியின் மக்டா ஆல்வோட், சர்வதேச இயற்கை விவசாயக் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்த்து நின்றனர். புனே பக்கத்துக் கம்பெனி மேலாளர் அபய் பட்கே, 1985, 1986-லேயே வயலில் அடித்துப் பார்த்தோம் என்று சாட்சி சொன்னார். 2000 மே 10-ல் காப்புரிமை ரத்து! மேல்முறையீடும் 2005 மார்ச் 8-ல் தள்ளுபடி! வேம்பு நம் கைக்குத் திரும்ப பத்து வருஷம் ஆயிற்று.

தோழர்களே, அதோடு முடிந்துவிட்டதா? 2002-ல் வந்த பல்லுயிர்ச் சட்டம், நம் அறிவை வியாபாரமாக்குகிறவன் நமக்குப் பங்கு தர வேண்டும் என்றது. 2023 திருத்தமோ, நூல்களில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துகிற உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு அந்தப் பங்கிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. சித்தர் ஏட்டில் இருப்பது கம்பெனிக்கு இலவசம்; மரம் வளர்த்தவனுக்கு என்ன இருக்கு?

இதற்கிடையில் நாம் என்ன செய்கிறோம்? வாசலில் கொட்டிக் கிடக்கிற வேப்பங்கொட்டையைப் பெருக்கித் தள்ளிவிட்டு, கடனுக்கு மருந்து வாங்கி அடிக்கிறோம். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி 200 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் அடியுங்கள். நெல்லின் இலையுறை அழுகலுக்கு இந்த 5 சதக் கரைசலை வேளாண் பல்கலைக்கழகமே சிபாரிசு செய்கிறது. ஆரம்பத்திலேயே அடிக்கணும், நோய் முற்றினால் பிரயோசனமில்லை.

நம் கோரிக்கைகள்:

1. ஊராட்சிப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை முறையாகக் கூட்டு! நம் பச்சிலை அறிவைப் பதிவேட்டில் ஏற்று!

2. வேப்பங்கொட்டையை அரசே நியாய விலைக்குக் கொள்முதல் செய்!

3. 2023 திருத்தத்தைத் திரும்பப் பெறு!

அடுத்த கிராம சபைக்கு ஆணும் பெண்ணுமாகத் திரண்டு வாருங்கள். வாயில் இருப்பதைத் தாளில் ஏற்றுவோம். தாளில் ஏறாத உரிமையை எவனும் மதிக்க மாட்டான்!

சங்கத்தின் சார்பில்,
செயலாளர்