ஊரிலேயே பிள்ளை பெற



முதற்பிள்ளை பிறக்கும் நேரம் அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? கனடாவில், கியூபெக் மாகாணத்தின் வடகோடியில் வாழும் இனுயிட் பழங்குடிப் பெண்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் பிள்ளை பெற்றார்கள். தெற்கிலிருந்து அவர்களுடைய கிராமங்களுக்கு வீதி இல்லை. பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே விமானத்தில் ஏற்றித் தெற்கே பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். கணவனும் மூத்த பிள்ளைகளும் ஊரில். இவளோ தன் மொழி பேசாதவர்கள் நடுவே. பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் அவள் தனிமையை யார் கணக்கெடுத்தார்கள்?

பெண்களும் ஊராரும் விடாமல் கேட்டதால், 1986இல் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள புவிர்னிதுக் கிராமத்தில் பிரசவ நிலையம் திறக்கப்பட்டது. கட்டடம் பெரிய விடயமல்ல. உள்ளூர்ப் பெண்களையே மருத்துவிச்சிகளாகப் பயிற்றினார்கள். வெளியிலிருந்து வந்த மருத்துவிச்சிகள் கூட நின்று பழக்கினார்கள். பிள்ளை பெறுபவளிடம் அவள் மொழியிலேயே பேச ஆள் கிடைத்தது.

அங்கே சிசேரியன் சத்திரசிகிச்சை வசதி இல்லை. தேவைப்பட்டால் விமானத்தில் தெற்கே போகத்தான் வேண்டும். அதனால் ஒவ்வொரு கர்ப்பிணியைப் பற்றியும் மருத்துவிச்சிகள் தலைமையில் வைத்தியரும் தாதியரும் முன்கூட்டியே கூடிப் பேசுகிறார்கள்: ஊரில் பெறலாமா, அனுப்புவதா? முன்பு இந்த முடிவில் ஊர்ப் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை.

1998இல் இனுக்ஜுவாக்கிலும் 2004இல் சலுயிட்டிலும் இதேபோன்ற நிலையங்கள் வந்தன. 2000 முதல் 2007 வரை அக்கரையோரப் பெண்களின் பிரசவங்களில் 86 வீதம் அந்தப் பகுதியிலேயே நடந்தன.