மேரியை ஏன் மகாலட்சுமி ஆக்கினார்கள்?

1955-லேயே கிறித்தவப் பெண்ணை நாயகியாக்கிய ‘மிஸ்ஸியம்மா’ படத்தைக் குறை சொல்வது அநியாயம் என்கிறார்கள். ஒப்பமாட்டேன். சாவித்திரி நடித்த மேரி, ஜமீன்தாரின் காணாமற்போன மகள் மகாலட்சுமி என்று தெரிந்த பிறகே ஜெமினி கணேசனோடு கல்யாணம் கைகூடுகிறது. தாண்ட வேண்டிய மத வேலியையே கதை பிடுங்கி எறிந்துவிட்டது. இன்னொரு கிறித்தவனான டேவிட்டோ, கடனைக் காட்டி அவளை மணக்க நெருக்குபவன். அவளை வளர்த்த கிறித்தவப் பெற்றோரின் பாசத்தைப் படம் மதிக்கிறது, உண்மைதான்; ஆனால் அது போதாது.

‘அந்தக் காலம் அப்படி’ என்பதும் சித்தூர், திருப்பதிப் பக்கம் எடுபடாது. தமிழும் தெலுங்கும் கலந்த அந்த மண்ணில், மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையை நடத்தியவை கிறித்தவ மிஷன்கள்; கிறித்தவர் அங்கே அந்நியரல்லர். இரு மொழியிலும் இந்தப் படத்தை எடுத்த இயக்குநர் எல்.வி. பிரசாத்தும் தயாரிப்பாளர் சக்கரபாணியும் அவளை மேரியாகவே மணமேடை ஏற்றியிருக்கலாம்.