காக்கை உட்கார்ந்ததா, பழம் பழுத்ததா?

மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை கோடி ஒதுக்கீடு, எத்தனை லட்சம் பயனாளிகள் என்று பக்கத்துக்குப் பக்கம் எண்கள். உண்மையில் அவை பெற்றுக்கொண்டவர்களின் எண்ணிக்கை. பெற்றதால் அவர்களுக்கு என்ன மாறியது என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கைப் போடும் முறையை அதிகாரிகள் மட்டுமல்ல, செய்தியாளர்களும் வாக்காளர்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்போம். காக்கை வராமல் இருந்திருந்தாலும் பழம் விழுந்திருக்குமா? பொதுக் கொள்கையை மதிப்பிடும் முறைகளுக்குப் புள்ளியியலில் ஏதேதோ பெயர்கள் உண்டு. அவை எல்லாமே இந்த ஒற்றைக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் மூடிக்கிடந்த தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில் திறந்தன. ஏறக்குறைய அதே நேரத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சில மாதங்களில் பிள்ளைகளின் கற்றல் வேகமாகத் தேறியது. திட்டம் வந்தது, பிள்ளைகள் தேறினார்கள், ஆகவே திட்டத்துக்கு வெற்றி என்று விளம்பரம் எழுதிவிடலாம். ஆனால் அதே மாதங்களில் பள்ளியும் திறந்திருந்ததே!

கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் உள்ளிட்ட பொருளியலாளர்கள் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் அவர்கள் நடத்திய ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மாலை வகுப்புக்குப் போனவர்களையும் போகாதவர்களையும், அவர்களின் முந்தைய மதிப்பெண்களைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோது, அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று தெரிந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதில் கூடுதலாகச் சேர்ந்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது.

இந்த விடை கிடைத்ததற்கு ஒரு முன்கதை உண்டு. தொற்றுக்கு முன்பே, 2019-இல், அதே கிராமங்களில் குழந்தைகளைச் சோதித்த பதிவு கையில் இருந்தது. அது இல்லாவிட்டால் எவ்வளவு இழந்தோம் என்பதே தெரிந்திராது. எவ்வளவு மீண்டோம் என்று எப்படிச் சொல்வது? முதல் பாடம் இதுதான்: திட்டம் முடிந்த பிறகு ஆய்வுக்கு ஆள் தேடினால் காலம் கடந்துவிடும். தொடங்குவதற்கு முன் நிலை என்ன என்று அளந்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஒப்பிட ஆள் வேண்டும். மெக்சிகோ அரசு 1997-இல் ‘புரோகிரசா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கொடுக்க இயலாத நிலை. எனவே ஆய்வுக்காக 506 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் 320-க்கு முதலிலும் மற்ற 186-க்குப் பிறகும் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இரு பிரிவுகளுக்கும் தெரிந்த வேறுபாட்டைத் திட்டத்தின் பலன் என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. 2000-இல் ஆட்சி மாறியபோதும் திட்டத்தைத் தூக்கி எறியாமல், பெயரை மட்டும் மாற்றி விரிவாக்கினார்கள். கைவசம் இருந்த சான்றுக்கு அதில் முக்கியப் பங்குண்டு.

ஏழைகளைக் காக்க வைத்துச் சோதிப்பது முறையா என்று கேட்கலாம். பணம் போதாதபோது யாரோ சிலர் காத்திருக்கத்தான் போகிறார்கள். அந்த வரிசையைச் செல்வாக்கு தீர்மானிப்பதைவிடக் குலுக்கல் தீர்மானிப்பது நியாயம். நம் காலை உணவுத் திட்டமும் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில்தான் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில்தான் மாநிலமெங்கும் விரிந்தது. அந்த ஓராண்டு இடைவெளியில் முதல் வரிசையைக் குலுக்கலில் எடுத்திருந்தால், செலவில்லாமல் ஒரு நல்ல ஆய்வு கிடைத்திருக்கும்.

மூன்றாவது பாடம் எண்களைத் தாண்டியது. 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்தார்கள். தாய்க்கு ஆலோசனை சொன்னார்கள். பலன் தெரிந்தது. இதைப் பார்த்து வங்கதேசம் 1995-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அங்கே எதிர்பார்த்த பலன் இல்லை என்று உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு கண்டது. தத்துவவியலாளர் நான்சி கார்ட்ரைட் இதைப் பாடமாகவே எடுத்துக் காட்டுகிறார். அங்கே பல வீடுகளில் சந்தைக்குப் போகிறவர் கணவர். யார் தட்டில் எவ்வளவு என்று முடிவெடுப்பவர் மாமியார். ஆலோசனை கேட்டுவிட்டு வந்தவரோ மருமகள்! ஆக, பலன் உண்டா என்று அளந்தால் மட்டும் போதாது. எந்த வழியாகப் பலன் வந்தது என்றும் கேட்க வேண்டும். அதற்குக் கணினியைவிட்டு எழுந்து அடுப்படி வரை போகத் தெரிய வேண்டும்.

மதிப்பீட்டுக்கென்றே தமிழ்நாடு அரசில் தனித் துறை இருக்கிறது. ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் அரசாணை வெளியிடும்போதே மதிப்பீட்டு ஏற்பாட்டையும் அதில் சேர்த்து, முடிவை அவையில் வைப்பதைக் கட்டாயமாக்கலாம். அமைச்சர்கள் ஏன் தயங்குவார்கள் என்பது புரியாததல்ல. ‘மீட்சியில் கால் பங்கு எங்கள் திட்டத்தால் வந்தது’ என்று நேர்மையாகச் சொன்னால், ‘முக்கால் பங்கு தோல்வி’ என்று மறுநாள் தலைப்புச் செய்தி வரும். குறைந்த செலவில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்தக் கால் பங்கு பெரிய விஷயம் என்று வாசிக்கத் தெரிந்தவர்கள் பெருகாதவரை, எந்த அரசும் பயனாளிகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.