இன்ஜின் உங்களோடது... அதோட மூளை யாரோடது? - அமெரிக்க ஹாட் ராட் கராஜ்களில் நடக்கும் உரிமைச் சண்டை!

காயலான் கடையில் ஓர் இன்ஜின் வாங்குறீங்க. விபத்துல நொறுங்கின பிக்-அப் டிரக்ல இருந்து கழட்டினது. காசு கொடுத்தாச்சு, ரசீது வாங்கியாச்சு. அதை ஒரு பழைய காரில் பொருத்தி, வயரிங் எல்லாம் முடிச்சு சாவியைத் திருப்புறீங்க. இன்ஜின் உறுமுது. ஆனா, ஓரிரு விநாடிதான்... அடங்கிடுது. மறுபடியும் ஸ்டார்ட், மறுபடியும் ஆஃப். பெட்ரோல் இருக்கு, பேட்டரி இருக்கு. அப்புறம் என்னதான் பிரச்னை?

இன்ஜினோட கம்ப்யூட்டர் உங்களைத் திருடன்னு நினைக்குது. அவ்ளோதான் விஷயம்!

அமெரிக்காவில் ஹாட் ராட் கட்டும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. ஆனா, இந்தச் சின்னத் தலைவலிக்குப் பின்னாடி பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. நீங்க காசு கொடுத்து வாங்கின பொருளுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர் யாருக்குச் சொந்தம்?

ஹாட் ராட்னா என்ன?

பழைய காரை எடுத்து, தேவையில்லாத பாகங்களைக் கழட்டி எடையைக் குறைச்சு, பெரிய இன்ஜினைப் பொருத்தி வேகமா ஓட்டுறதுதான் ஹாட் ராட். 1930-கள்லயே கலிஃபோர்னியா இளைஞர்கள் மியூரோக் மாதிரியான வறண்ட ஏரிப் படுகைகளில் இப்படி ரேஸ் விட்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு வீடு திரும்பிய வீரர்கள், ராணுவத்தில் கற்ற மெக்கானிக் வேலையோட இதில் குதிச்சாங்க. 1932 மாடல் ஃபோர்டுதான் அவர்களின் செல்லப்பிள்ளை. 1948-ல் இதுக்குன்னே 'ஹாட் ராட்' பத்திரிகை தொடங்கும் அளவுக்கு மோகம் வளர்ந்தது.

அந்தக் காலத்தில் ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் போதும். இன்ஜினுக்கு ஞாபகசக்தி கிடையாது. எந்தக் காரில் மாட்டினாலும் ஓடும்.

இன்று அவர்கள் அதிகம் தேடுவது ஜெனரல் மோட்டார்ஸின் 'எல்.எஸ்' குடும்ப வி8 இன்ஜின்களை. 1997 கார்வெட்டில் அறிமுகமாகி, 1999 மாடலில் இருந்து பிக்-அப் டிரக்குகளுக்கும் வந்த இன்ஜின் குடும்பம் இது. லட்சக்கணக்கில் விற்றதால், காயலான் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். அடக்கமான சைஸ், நல்ல பவர், நீண்ட ஆயுள். ஒரே சிக்கல், அது தனியா வர்றதில்லை. கூடவே கம்ப்யூட்டரும் வரும்.

பிறந்த வீட்டைத் தேடும் கம்ப்யூட்டர்

எவ்வளவு காற்று உள்ளே வருது, அதுக்கு எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும், எந்த நொடியில் ஸ்பார்க் கொடுக்கணும்னு முடிவெடுப்பது இந்த கம்ப்யூட்டர்தான். பழைய டிரக்கில் இருந்தப்போ, திருட்டுத் தடுப்பு யூனிட்டிலிருந்து இதுக்கு ஒரு ரகசியக் குறியீடு வரும். அது வரலைன்னா பெட்ரோலை நிறுத்திடும். ஹாட் ராட்டில் அந்த யூனிட்டே இல்லையே! அதனால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி அடங்குது.

தீர்வு, ஒரு லேப்டாப். எச்.பி டியூனர்ஸ், ஈ.எஃப்.ஐ லைவ் மாதிரியான சாஃப்ட்வேரை வெச்சு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபைலை வெளியே எடுத்து, திருத்தி, மறுபடியும் உள்ளே எழுதுவார்கள். முதலில் திருட்டுத் தடுப்பை நீக்கணும். புது காரில் கியர்பாக்ஸ் வேறயா இருந்தா அதைச் சொல்லித்தரணும். டயர் சைஸ் மாறியிருந்தா ஸ்பீடோமீட்டர் தப்பு காட்டும், அதையும் சரிசெய்யணும். ரேடியேட்டர் ஃபேன் எத்தனை டிகிரியில் ஓடணும்னு குறிக்கணும். கேம்ஷாஃப்டை மாத்தியிருந்தா, பெட்ரோல், ஸ்பார்க் அட்டவணைகளையே திருத்தி எழுதணும். எழுதிக்கிட்டிருக்கும்போது பேட்டரி இறங்கிட்டா, கம்ப்யூட்டர் வெறும் அலுமினிய டப்பாவாகிடும் ஆபத்தும் உண்டு.

காரை வாங்கலாம்... கோடை?

உங்க போனுக்கும் இந்த இன்ஜினுக்கும் ஒரு சொந்தம் இருக்கு. 1998-ல் அமெரிக்கா கொண்டுவந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம், சாஃப்ட்வேருக்குப் போட்ட டிஜிட்டல் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. சினிமா, பாட்டு திருட்டைத் தடுக்கப் போட்ட வலை. அதில் போனும் சிக்கியது, காரும் சிக்கியது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சட்டத்திலிருந்து சில விஷயங்களுக்கு விலக்கு தருவார்கள். போனை 'ஜெயில்பிரேக்' செய்ய 2010-ல் விலக்கு கிடைத்தது.

2015-ல் கார்களின் முறை. 'காரை வாங்கியதாலேயே அதன் சாஃப்ட்வேரும் சொந்தமாகிவிடாது' என்று ஜெனரல் மோட்டார்ஸ் வாதிட்டது. டிராக்டர் நிறுவனமான ஜான் டீரும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. ஆனாலும், பழுது பார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றங்கள் செய்யவும் பூட்டைத் திறக்கலாம் என்று அந்த அக்டோபரில் விலக்கு அறிவிக்கப்பட்டது. 2018, 2021, 2024-லும் அது தொடர்ந்தது.

ஆனா, இதில் ஒரு ஓட்டை. பூட்டைத் திறக்க உரிமை உண்டு, திறக்கும் கருவியை விற்பதற்கான தடைக்கு இந்த விலக்கு பொருந்தாது. நீச்சலடிக்க அனுமதி, தண்ணியில் இறங்கத் தடைங்கிற கதைதான்!

மறுபக்கமும் இருக்கு

நிறுவனங்கள் வில்லன், கராஜ் இளைஞர்கள் ஹீரோன்னு முடிச்சிட முடியாது. திருட்டுத் தடுப்பை நீக்குற அதே லேப்டாப், அதே கேபிள், புகைக் கட்டுப்பாட்டையும் நீக்கும். பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்-அப்களில் புகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருப்பதாக, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் கணித்தது. அவை கக்கும் கூடுதல் மாசு, சாலையில் 90 லட்சத்துக்கும் அதிகமான டிரக்குகளைப் புதிதாக இறக்கியதற்குச் சமம். அந்தக் காற்றைச் சுவாசிக்கும் குழந்தைக்கு ஹாட் ராட் கலாசாரமெல்லாம் தெரியாது.

இந்தப் பயத்தில்தான் 2015 ஜூலையில் அந்த முகமை விலக்கை எதிர்த்தது. ரெண்டே மாசத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஃபோக்ஸ்வேகன் மாட்டியது! சோதனையின்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் சாஃப்ட்வேரை, உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் அந்த நிறுவனமே வைத்திருந்தது. பூட்டு பத்திரமாகத்தான் இருந்தது. திருட்டு உள்ளேயே நடந்தது.

அதைக் கண்டுபிடிக்க வழிவகுத்தவர்கள், வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அவர்கள் கோடைத் திறந்து பார்க்கவில்லை. புகைக்குழாயில் அளவுக் கருவியை மாட்டி, நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு காரில் நைட்ரஜன் ஆக்ஸைடு சட்ட வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு அதிகமாக வந்தது.

பூட்டை எங்கே போடுவது?

விடை அங்கேதான் இருக்கு. யார் கோடைத் தொட்டார்கள் என்பதைவிட, புகைக்குழாயில் என்ன வருது என்பதுதான் முக்கியம்.

கலிஃபோர்னியா இதை ஓரளவு செய்கிறது. அங்கே 1976-க்குப் பிந்தைய பெட்ரோல் காரில் வேறு இன்ஜின் மாட்டலாம். ஆனா, அது காரின் மாடல் வருடத்தைச் சேர்ந்ததாகவோ, அதைவிடப் புதியதாகவோ இருக்கணும். அதற்குரிய புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களும் கூடவே வரணும். மாநில அரசின் 'ரெஃப்ரீ' பரிசோதித்து ஓகே சொன்னால் வண்டி ரோட்டுக்கு வரும். ஜெனரல் மோட்டார்ஸே 2009-ல் 'ஈ-ராட்' என்ற பேக்கேஜைக் கொண்டுவந்தது. இன்ஜின், கம்ப்யூட்டர், கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் சேர்ந்தே வரும். பழைய காரில் புது இன்ஜின், சுத்தமான புகை, சட்டச் சிக்கலும் இல்லை. விலைதான் காயலான் கடையைவிடப் பல மடங்கு!

அங்கேதான் இடிக்குது. காசு இருக்கிறவருக்கு ரெடிமேட் தீர்வு இருக்கு. காசு இல்லாத, கையில் திறமை மட்டும் இருக்கும் பையனுக்குக் காயலான் கடை இன்ஜின்தான் கதி. 2020-ல் வந்த எட்டாம் தலைமுறை கார்வெட்டில் இருந்து ஜெனரல் மோட்டார்ஸ் பூட்டை இன்னும் இறுக்கிவிட்டது. இன்றைய புது டிரக்குகள் நாளை காயலான் கடைக்கு வரும்போது, கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு வெளிச்சந்தையில் தனிக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டிவரலாம். அப்படி மாற்றும்போது, நிறுவனம் உழைத்து உருவாக்கிய புகைக் கட்டுப்பாட்டு புரோகிராமும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். பூட்டை இறுக்க இறுக்கக் காற்று சுத்தமாகும்னு சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

அடுத்த விலக்குப் பரிசீலனை 2027-ல். புகையை அளக்கட்டும், தப்பு செஞ்சா அபராதம் போடட்டும், அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஆனா, ரசீது கையில் வெச்சிருப்பவரைத் திருடன்னு நினைக்கும் உரிமை, அவர் வாங்கின இன்ஜினுக்கே இருக்கக் கூடாது.