நுங்கு தரும் பனையை சூளைக்குத் தராதே!



சித்திரை வெயிலில் தருமபுரி வந்தால் காசு கொடுத்து பாட்டில் கலர் வாங்கிக் குடிக்கிறோம். சர்க்கரைத் தண்ணிதான் அது. நம்ம வரப்புப் பனை நுங்கில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், கொஞ்சம் மாவுச்சத்து, தாது உப்பு. கொழுப்பு கிடையாது என்றே சொல்லலாம். பழுத்தால் மஞ்சள் சதையில் கரோட்டின், கண்ணுக்கு வேண்டியது. சகலநோய் மருந்து என்று நாம் சொல்லவில்லை. வெயிலில் உழைக்கிற உடம்புக்கு ஏற்ற உணவு.

காய்க்கவே பத்துப் பதினைந்து வருசம் ஆகிற மரத்தை, அற்பக் காசுக்கு செங்கல் சூளைக்கு வெட்டித் தருகிறோம். தப்பு நம்மிடமும் இருக்கு!

பனை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் அரசு அறிவித்தது.

அரசே, அதைக் கறாராக அமல்படுத்து!
உழவர் சந்தையில் நுங்குக்கு இடம் ஒதுக்கு!